உச்சிவேளைச் செருமல்

பங்குனி வெயில் ஏறி ஆடு மாடெல்லாம் நிழல் தேடி அலைய ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அழகம்மாள் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த தன் மகள் சத்யப்ரியாவிடம் ரொம்பச் சாதாரணமாக ஒரு விஷயத்தைச் சொன்னாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தவள், உப்புப் பத்தவில்லை என்று சொல்கிற அதே குரலில், "ஒங்கண்ணன் உச்சிக்கு வந்துட்டுப் போறான்டி பிரியா" என்றாள்.

அண்ணன் சிவக்குமார் போன ஐப்பசியில் செத்துப்போனவன்.

சத்யப்ரியா, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் போனமுறை பார்த்ததற்கு இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது, தலை வாரிக் கொண்டை போட்டிருந்தாள். மகன் போன நாளிலிருந்து இந்தப் பொம்பளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'செத்துட்டான்' என்று ஒருதரம்கூட வாயால் சொல்லவில்லை. மத்தியானச் சோற்றைக் கையால் தொடவில்லை. இப்படியே போனால் ஆள் தேறாது என்று உசிலம்பட்டி டாக்டர் அப்பா முத்திருளனிடம் நேராகவே சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள் என்றால் பெற்ற மகள் சந்தோஷப்படத்தானே வேண்டும்? சத்யப்ரியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

மத்தியானச் சோறு நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. சிவக்குமார் காட்டு வேலையை முடித்துவிட்டு உச்சிக்கு வீடு திரும்புகிறவன். வாசலுக்கு வந்தால் அம்மா என்று கூப்பிட மாட்டான், சோறு போடு என்று கேட்க மாட்டான். ஒரு செருமல் செருமுவான். தொண்டைக்குள் ஒரு உருட்டு, வெட்டினாற்போல் ஒரு நிறுத்தம், கடைசியில் லேசாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான் அவன் பேச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் அழகம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு வட்டிலைக் கழுவுவாள், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தாலும் அவனிடமிருந்து அதே செருமல்தான் பதிலாக வரும். பொண்ணு வீட்டுக்காரர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று சத்யப்ரியா கிண்டல் பண்ணுவாள்.

அண்ணன் எங்கே வருகிறான் என்று அவள் மெதுவாகக் கேட்டாள். கல்லுக்கிட்ட என்றாள் அழகம்மாள், சந்தேகமாக இருந்தால் நீயும் வந்து கேள் என்றாள்.

கல் என்றால் நெடுங்கல் சாமி. உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற வழியில், மானாவாரிக் காட்டுக்கு நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிற கருங்கல். அங்கேயிருக்கிற பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதுதான் குலசாமி. கூரை போட்டால் சாமிக்கு மூச்சு முட்டும் என்று யாரையும் கூரை போட விட்டதில்லை. முத்திருளன்தான் பூசாரி. ஐப்பசியில் அவருக்குக் கால் வீங்கியிருந்ததால் விளக்குப் போட மகனை அனுப்பினார். மழை பிடித்துக்கொண்டது. சிவக்குமார் கல்லோடு கல்லாக ஒண்டி நின்றான், இடி கல்லின் தலையில் இறங்கியது. கல் தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாகப் பிளந்தது, அவன் அங்கேயே போய்விட்டான். அனுப்பியது நான்தானே என்று முத்திருளன் ஒருதரம் சொன்னதோடு சரி, அதற்கப்புறம் அவர் வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது.

பிளந்த சாமியைக் கும்பிடக் கூடாது, கிணற்றில் இறக்கிவிட்டு வேறு கல் நடவேண்டும் என்று பங்காளிகளில் பாதிப் பேர் நின்றார்கள். எம் மகன் உசுர் போன கல்லை எவன் தொடுகிறான் பார்க்கிறேன் என்று அழகம்மாள் கல்லைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் வழக்கப்படி பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டுப் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எடுக்க, வெள்ளை வந்தது. ஒட்டலாம் என்று அர்த்தம். யார் ஒட்டுவது? பூசாரி மகள் ஒட்டுகிற படிப்புத்தானே படித்திருக்கிறாள் என்றார்கள். முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, படிப்பு அதற்குத் தோதானதுதான். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பிசினையும் தூளையும் குழைத்து, வெயிலுக்கும் குளிருக்கும் அசையாத பலகை செய்கிறார்கள். நுணுக்கமாக அளக்கிற கருவிகளுக்கு அடியில் அது போகும். சூடு பட்டால் கல்லும் விரியும், பிசினும் விரியும். கல் கொஞ்சம்போல விரியும், பிசினோ அதைவிடப் பல மடங்கு விரியும். வெறும் பிசினால் கல்லை ஒட்டினால் பகல் வெயிலில் அது இரண்டு துண்டையும் தள்ளும், இரவில் சுருங்கி இழுக்கும், சில மாதத்தில் ஒட்டு விட்டுப்போகும். அதற்கு மருந்துதான் சிர்க்கோனியம் டங்ஸ்டேட் என்கிற வெள்ளைத் தூள். சூடு பட்டால் சுருங்குகிற அதிசயப் பிறவி அது. ஊரே முன்னால் போகும்போது அது மட்டும் பின்னால் போகும். பிசின் விரிவதற்கு ஈடாகத் தூள் சுருங்கும்படி அளவு பார்த்துக் கலந்துவிட்டால், கல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான் கலவையும் விரியும்.

கார்த்திகையில் ஒட்டு வேலை நடந்தது. சாமி உடம்பில் இரும்பு இறங்கக் கூடாது என்று உள்ளே கம்பி வைக்க விடவில்லை, அதனால் மேல்துண்டின் பாரம் மொத்தமும் ஒட்டின் தலையில்தான் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை, கணக்குப் போட்டால் தாங்கும். அவள் தூளைப் பிசினில் கொட்டப் போன சமயத்தில் பெரியப்பா பேயாண்டி கையை நீட்டித் தடுத்தார். சாமிக்குப் போகிற மருந்தை வீட்டுக்கு ஒரு ஆம்பளை இடித்துத்தான் கொடுக்க வேண்டும், அது காலங்காலமாக உள்ளது என்றார். கல்லுரல் வந்தது, கனத்த கருங்கல் குழவி வந்தது. ஒவ்வொருத்தராகச் சிவக்குமார் பேரைச் சொல்லி, மூச்சைப் பிடித்து, குழவியைத் தூக்கித் தூக்கிப் போட்டு இடித்தார்கள். கல்லைக் கிணற்றில் போடச் சொன்னவர்கள்தான் எல்லாரையும்விட ஆவேசமாக இடித்தார்கள். அதைப் பார்த்துச் சத்யப்ரியா அழுதுவிட்டாள். இடித்தால் தூள் இன்னும் நைஸாகத்தானே ஆகும், நல்லதுதானே என்று விட்டுவிட்டு, வேண்டிய அளவு போக மிச்சத்தை டப்பாவில் எடுத்துவைத்து, அந்த உரலிலேயே பிசினை ஊற்றிக் குழைத்தாள்.

இப்போது அம்மாவும் மகளும் தூக்குச்சட்டியோடு அந்தக் கல்லுக்குப் போனார்கள். உச்சிநேரத்தில் அந்தப் பக்கம் பொம்பளைகள் தலைகாட்ட மாட்டார்கள், உலவக்கூடாததெல்லாம் அப்போதுதான் உலவும் என்பார்கள். அழகம்மாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கல்லில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பழக்கப்பட்ட இடத்தில் உட்காருகிறவளைப் போல உட்கார்ந்தாள். அவள் கொண்டுவந்திருந்த வட்டில் இரண்டுதான். வெயில் கல்லின் தெற்கு முகத்தில் காய்ந்தது. காற்று செத்துப்போயிருந்தது. தூரத்துப் பனையில் ஓலைகூட அசையவில்லை.

அப்போது கேட்டது. தொண்டைக்குள் ஒரு உருட்டு. வெட்டினாற்போல் ஒரு நிறுத்தம். லேசாக ஒரு இழுப்பு.

சத்யப்ரியா சட்டென்று திரும்பி வரப்பைப் பார்த்தாள். வரப்பில் யாரும் இல்லை, வெயில் மட்டும் தளதளவென்று நெளிந்தது. அண்ணே என்று அவளையறியாமல் வாய் சொல்லிவிட்டது. உருட்டு அவனுடையது, நிறுத்தம் அவனுடையது, இழுப்பும் அவனுடையதேதான். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? அழகம்மாளோ அலட்டிக்கொள்ளாமல் ஒரு வட்டிலில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி எதிரே இருந்த வெறுந்தரையில் வைத்தாள். "வெயில்ல வந்துருக்க, மெள்ளத் தின்னு" என்று அந்தத் தரையிடம் சொல்லிவிட்டு, தன் வட்டிலில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். ஐப்பசிக்கு அப்புறம் அவள் வாய் நிறையச் சாப்பிட்டு மகள் பார்ப்பது அன்றைக்குத்தான்.

கொஞ்சம் பொறுத்துத்தான் புத்தி வேலை செய்தது. அம்மா தூரத்துப் பம்புசெட்டு வாய்க்காலில் வட்டில் கழுவப் போனதும் சத்யப்ரியா கல்லில் காதை வைத்தாள். மறுபடியும் ஒரு சின்ன உருட்டு, சரியாக ஒட்டின் ஓரத்திலிருந்து. ஊதுபத்திக் கவரைக் கிழித்து அந்தக் கோட்டில் நுழைத்துப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு உள்ளே போனது. ஒட்டு விரிந்து கல்லைத் தள்ளுகிறது. விட்டுப்போன ஓரம் ஒன்றோடொன்று உரசி, பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கிறது. அந்த உரசல்தான் அண்ணன் குரலில் வருகிறது. இன்னும் சித்திரை வெயில் பாக்கி இருக்கிறது, அக்னி நட்சத்திரம் பாக்கி இருக்கிறது. ஒட்டு முழுசாக விட்டால் மேல்துண்டு அந்தச் சாய்விலேயே வழுக்கி இறங்கும். இறங்கினால் நேராக அம்மா முதுகு சாய்த்து உட்காருகிற இடத்தில்தான் இறங்கும்.

அம்மாவை அந்தப் பனை நிழலுக்குப் போய் உட்காரச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் கேட்கவில்லை. "அவன் சாஞ்சு நின்ன எடம் இது. இத விட்டுட்டு நான் எங்க போயி உக்கார?" என்றாள்.

உரலில் ஒட்டிக் காய்ந்திருந்த கலவைக் கட்டியையும், டப்பாவில் மிஞ்சியிருந்த இடித்த தூளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் அவள் மதுரைக்கு ஓடினாள். கூடப் படித்த பிருந்தா ஒரு கல்லூரியில் எக்ஸ்ரே கருவியைப் பார்த்துக்கொள்கிறவள்; பொருளின் உள்கட்டு எப்படி இருக்கிறது என்று அந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். கட்டியைச் சூடுபடுத்தி அளந்தார்கள். கல்லோடு சேர்ந்து போக வேண்டியது, வெறும் பிசினுக்குக் கொஞ்சம்தான் குறைச்சலாக விரிந்தது. அப்புறம் தூளை எக்ஸ்ரேயில் வைத்தார்கள். திரையில் வந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, இதை எங்கேயாவது பிரஸ்ஸில் கொடுத்து அமுக்கினாயா என்று பிருந்தா கேட்டாள். இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். உரலில் போட்டு இடித்தார்கள் என்றாள். பிருந்தா முதலில் சிரித்தாள், இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்தத் தூள் சூட்டுக்குச் சுருங்குவதற்குக் காரணம் அதன் உள்கட்டு தாராளமாக, இடம் விட்டு இருப்பது. ஒரு அளவுக்குமேல் அமுக்கினால் அந்தக் கட்டு நொறுங்கி நெருக்கமாகிவிடும். அமுக்கத்தை எடுத்தாலும் பழையபடி வராது. அப்படி ஆனபிறகு சூடு பட்டாலும் அது சுருங்குவது பேருக்குத்தான். இந்தப் படிப்பெல்லாம் சத்யப்ரியாவுக்கு அத்துபடி. ஆனால் அமுக்கம் என்றால் அவள் மனசில் வருவது எண்ணெய் வாடை அடிக்கிற பெரிய பிரஸ் மெஷின்தான், பெரியப்பாவின் குழவி இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொடிமணிக்கு அது போதாதா? எந்தப் புத்தகத்தில் குழவியைப் பற்றி எழுதியிருக்கிறது? நல்லவேளை, தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேலே கொஞ்சம் வைத்து எடுத்தால் தூள் தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடும் என்று பிருந்தா தைரியம் சொன்னாள். சத்யப்ரியா தலையை ஆட்டினாளே தவிர மனசு அதில் நிற்கவில்லை. சிவக்குமார் பேரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தரும் இடித்த இடிதான் மருந்தின் உயிரை எடுத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவே இல்லை.

அப்பாவிடம் சொல்லாமல் கல்லைத் தொட முடியாது. பம்புசெட்டுக்குப் பக்கத்தில் அவரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். முத்திருளன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ இப்பத்தான் தாயி ரெண்டு வாய் திங்கிறா. அதையும் நிறுத்தணுமா?" என்றார்.

"கல்லு எறங்குனா அம்மா மேலதான்ப்பா எறங்கும்."

அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு அவள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "நானும் தெனம் உச்சிக்குப் பனைக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டுத்தான் வாரேன். ஒங்கம்மாவுக்குத் தெரியாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிரித்து ஒட்டு என்று சொல்லிவிட்டு, வீங்கின காலை இழுத்துக்கொண்டு நடந்தார். சத்யப்ரியாவுக்கு அப்பாவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. அந்த வீட்டில் அப்படியெல்லாம் பழக்கமில்லை.

அழகம்மாளைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. பேரையூரில் அவள் தங்கச்சி முத்துத்தாய்க்குக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி, முத்துத்தாயையும் அதற்குத் தயார்பண்ணி, முத்திருளனே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் மகளிடம், உச்சிக்குக் கல்லுக்கிட்ட ஒரு வட்டில் சோறு வைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். சரிம்மா என்றாள் சத்யப்ரியா. காய்ச்சல் பொய்யைவிட அந்தச் 'சரி'தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பங்காளிகள் வந்து மூன்று கழி சேர்த்த முக்காலி நட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை அதில் மாட்டி, மேல்துண்டைத் துணிப்பட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பிசினை இளக்கினால்தான் துண்டு பிரியும். கல் நேரடியாகக் காயாதபடி தகரத்தை மறைப்பு வைத்து, கேஸ் பர்னரைச் சத்யப்ரியாவே கையில் பிடித்தாள். நல்ல வெயில் நேரம். சூடு உள்ளே இறங்க இறங்கக் கல் முனக ஆரம்பித்தது. செயினை ஒரு இழுப்பு இழுத்ததும் அந்தச் செருமல் வந்தது. வழக்கமான சின்னச் செருமல் இல்லை. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராததால் இன்னொருதரம் செருமிப் பார்க்கிற மாதிரி வந்தது. செயினைப் பிடித்திருந்தவர்கள் கையை விடாமலே இரண்டடி பின்வாங்கினார்கள். பேயாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். இது சிவக்குமாரில்ல, இது எங்க சிவக்குமாரில்ல என்று ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்.

சத்யப்ரியாவுக்குப் பிசின் தெரியும், தூள் தெரியும், உரசல் தெரியும். எல்லாம் தெரிந்தும், தன் கையாலேயே அண்ணனை இன்னொருதரம் சாகடிக்கிறோம் என்று தோன்றியது. "போதும்ணே. அம்மாவ விட்டுருண்ணே" என்று உதடு பிரியாமல் சொன்னாள். நெருப்பை எடுக்கவில்லை. ஒட்டு இளகிப் பிரிந்தது, மேல்துண்டு பட்டையில் தொங்கியது.

இரண்டு முகத்தையும் சுரண்டிச் சுத்தம்செய்தார்கள். பிருந்தாவின் அடுப்பில் சூடுகாட்டிச் சுபாவத்துக்குத் திரும்பிய தூளை சத்யப்ரியா டப்பாவோடு எடுத்து வைத்தபோது, பேயாண்டி ஞாபகமாக உரலையும் குழவியையும் உருட்டிக்கொண்டு வந்தார். இங்கேதான் அவள் ஒரு முடிவு எடுத்தாள். முன்னே ஒட்டினது விட்டதற்கு நான் கொண்டுவந்த தூள்தான் காரணம், நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன், இந்தத் தூள் இடி தாங்காது பெரியப்பா என்றாள். படிச்சு என்ன பிரயோசனம், ஒரு பொடி வாங்கத் தெரியல என்று அவர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடி பிடியென்று பிடித்தார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு மரக் கரண்டியை நீட்டி, வீட்டுக்கு ஒரு கை கிண்டிக் கொடுங்கள், அது போதும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே கிண்டினார்கள், கலவையைப் பூசி மேல்துண்டை இறக்கி ஒட்டினார்கள். கலவையில் ஒரு கட்டியைத் தனியாக எடுத்துக் காயவைத்து, வெயிலில் ஒருதரமும் லேபில் ஒருதரமுமாக அளந்து பார்த்தாள். கல் அளவுக்கே விரிந்தது, இம்மி கூடவில்லை. இனி அந்தக் கல் யார் தலையிலும் இறங்காது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒட்டு நன்றாக இறுகிய பிறகுதான் அழகம்மாளைக் கூட்டிவந்தார்கள். வந்தவள் பையை வைத்த கையோடு உலை வைத்தாள். எங்கப்பன் பசியோடு இருப்பான் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். சத்யப்ரியா தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். முத்திருளன் அன்றைக்குப் பனைப் பக்கம் வரவில்லை.

அழகம்மாள் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் தெற்கு முகத்தில் ஏறியது. வட்டில் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கல் சூடாகி, தொட்டால் கை சுடுகிற பதத்துக்கு வந்தது. சத்தம் வரவில்லை. அவள் தலையைச் சாய்த்து, காதைக் கல்லோடு அழுத்திக்கொண்டாள். சத்யப்ரியாவும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். வேலை சரியாக நடந்திருக்கிறது என்று தெரிந்தும், ஒரே ஒருதரம் வந்துவிடாதா என்று அவள் மனசும் ஏங்கியது. நிழல் மறுபக்கம் திரும்பியது. வட்டிலில் போட்ட சோறு மேலாகக் காய்ந்து வெளுத்தது.

அழகம்மாள் கல்லில் இருந்த புது ஒட்டின் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீதான நிப்பாட்டுன?"

"ஆமாம்மா" என்றாள் சத்யப்ரியா. ஒட்டு விட்டுப்போயிருந்ததையும், அந்தச் சத்தம் கல் உரசின சத்தம் என்பதையும், இன்னும் கொஞ்சநாள் போயிருந்தால் மேல்துண்டு அவள் தலையிலேயே இறங்கியிருக்கும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எறங்குனா எறங்கட்டும்னு விட்டுருக்க வேண்டியதுதான" என்றாள் அழகம்மாள்.

சத்யப்ரியாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் யாரும்மா? அவன் ஒருத்தன்தான் ஒனக்குப் பெறந்தானா? ஐப்பசில இருந்து நான் செத்தேனா பொழைச்சேனான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மகளின் இளைத்த கழுத்தெலும்பையும் பர்னர் சூட்டில் கொப்பளித்திருந்த கையையும் அப்போதுதான் பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள். "செத்துட்டான்ல" என்றாள். "எம் புள்ள செத்துட்டான்ல பிரியா." அதைச் சொன்னதும் அவள் வாய் கோணியது, ஐப்பசியிலிருந்து வராத அழுகை காடு முழுக்கக் கேட்கிறமாதிரி வந்தது. சத்யப்ரியா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தக் கல்லடியிலேயே அழுது ஓய்ந்தார்கள்.

ஓய்ந்ததும் அழகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதிரே வைத்திருந்த வட்டிலை மகள் பக்கம் நகர்த்தினாள். தின்னு என்றாள். காய்ந்த சோறும் ஆறின கருவாட்டுக் குழம்பும். அண்ணனுக்கு வைத்த சோறு. சத்யப்ரியா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அழுத தொண்டையில் அது இறங்கவில்லை, நெஞ்சில் நின்றது. தொண்டையைச் செருமினாள்.

உருட்டு, நிறுத்தம், லேசாக ஒரு இழுப்பு.

ஒரே வீட்டுத் தொண்டை, ஒரே அப்பன் ஆத்தா கொடுத்தது, இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்று பிறகு அவள் தனக்குத்தானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சில்லிட்டது. அழகம்மாளின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"இன்னொருக்கா" என்றாள்.

வேண்டாம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவும் வேண்டும். நாளைக்குக் கப்பலூரில் அவளுக்கு வேலை இருக்கிறது, லீவு முடிந்துவிட்டது. இப்போது செருமினால் எதற்குள் காலை வைக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பேரையூரில் இருந்த நாளில் மறுபடி குழிவிழுந்துவிட்ட அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். செருமினாள்.

அழகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் வட்டிலில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பிசைந்து, ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். வட்டில் காலியாகும்வரை நிதானமாக மென்று தின்றாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

"நாளைக்கும் வந்துருய்யா ராசா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் மகளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வாரேன்மா" என்றாள் சத்யப்ரியா.